படகுக் குழுவுக்குப் பணம்: ஊர்க்காசா, சிஎஸ்ஆரா?

வெளிநாட்டுப் போட்டிக்குப் போக வேண்டும்: அடையாற்றில் துடுப்பு போடும் எட்டு பேர், கூடவே படகைத் திசைதிருப்பிக் குரல் கொடுக்கும் காக்ஸ், ஆக ஒன்பது விமான டிக்கெட், விசா, அங்கே போய் வாடகைக்கு எடுக்கும் படகு. யாரிடம் கேட்பது? ஆன்லைனில் பலரிடம் சிறுகச் சிறுக வசூலிக்கும் கிரவுட்ஃபண்டிங்கா, கம்பெனிகள் சமூகப் பணிக்கென ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணமா?

வேகம்
கிரவுட்ஃபண்டிங்: பக்கம் போட்ட அன்றே பணம் வரலாம். ஆனால் முதலில் கொடுப்பது சித்தப்பாவும் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பும்தான், அதைத் தாண்ட நீங்கள் தினமும் கத்த வேண்டும்.
சிஎஸ்ஆர்: மாதக்கணக்கில் இழுக்கும்.

காகித வேலை
கிரவுட்ஃபண்டிங்: குறைவு. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் மட்டும் வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தைப் பாருங்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்ஆர்ஐ வங்கி வழியாக அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை.
சிஎஸ்ஆர்: பணம் வாங்கும் டிரஸ்ட் சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தில் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தடை, வெளிநாட்டில் செய்யும் செலவில் இந்தியாவுக்காகவோ மாநிலத்துக்காகவோ ஆடுபவர்களின் பயிற்சியை மட்டும்தான் விதி ஏற்கிறது. கிளப் பெயரில் போகிறவர்களுக்கு இது உதவாது. ஜெர்சியில் லோகோ போட்டு விளம்பரம் தேடும் பணமும் சிஎஸ்ஆர் கணக்கில் சேராது, அதற்கு மார்க்கெட்டிங் ஆட்களைப் பிடியுங்கள்.

இந்திய அணியில் இடம் கிடைத்து, நீண்ட பயிற்சி முகாம் வேண்டுமென்றால் சிஎஸ்ஆர். கிளப் குழு, போட்டி பக்கத்தில் வந்துவிட்டது என்றால் கூச்சப்படாமல் கிரவுட்ஃபண்டிங்.