லெட் செப்பலினின் முதல் எல்பி: கடைசிப் பாட்டில்தான் சாயம் வெளுக்கும்

பிரிட்டன் ராக் குழுவான லெட் செப்பலினின் இந்த முதல் இசைத்தட்டை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பதிப்பு நல்லது என்பதைத்தான். எந்த ஊசியில் ஓட்டுவது என்று யாரும் கேட்பதில்லை. வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால் இரண்டாவது கேள்விதான் பெரிது. சுமாரான பதிப்பை நல்ல ஊசி ஓரளவு காப்பாற்றிவிடும். தேய்ந்த ஊசியோ நல்ல பதிப்பையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

காரணம் பாட்டுகளின் வரிசையிலேயே இருக்கிறது. இரண்டு பக்கமும் சொல்லிவைத்தாற்போல் இருபத்திரண்டரை நிமிடத்தை ஒட்டி ஓடுகின்றன. முதல் பக்கக் கடைசியில் 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்', இரண்டாம் பக்கக் கடைசியில் 'ஹவ் மெனி மோர் டைம்ஸ்'. ஆல்பத்திலேயே அதிகம் முழங்குகிற இரண்டும், தட்டில் இடம் குறைந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. வரி (ஒலி பதிந்த பள்ளம்) ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ. ஆகிவிடும். அதே ஒலி பாதி நீளத்துக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும்போது, மழுங்கிய முனை அந்த நெளிவுகளுக்குள் புக முடியாமல் மேலோடு தடவிக்கொண்டு போகும். பாடகர் ராபர்ட் பிளான்ட்டின் 'ஸ்' ஓசை எச்சில் தெறிப்பதுபோல் கேட்கும். சிம்பல் தகரமாகிவிடும்.

நம்மில் பலர் வைத்திருக்கும் ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் பகுதி) நீள்வட்ட முனையில், வரியைத் தொடும் பக்கத்தின் ஆரம் 8 மைக்ரானை ஒட்டியது. அதே உடலில் மாட்டும் எம்எல் (மைக்ரோலீனியர்) ஊசியில் அது 3 மைக்ரான். கார்ட்ரிட்ஜைக் கழற்ற வேண்டியதில்லை. ஊசியை மட்டும் உருவி மாற்றிக்கொள்ளலாம். விலை கூடுதல்தான். ஆனால் ஆயுள் நீள்வட்டத்துக்கு 300 மணி, எம்எல்லுக்கு 1000 மணி என்று கம்பெனியே சொல்கிறது. தினம் ஒரு மணி நேரம் கேட்பவருக்கு நீள்வட்ட ஊசி பத்து மாதம்தான் தாங்கும் என்று கணக்குப் போட்டால் விலை வித்தியாசம் அவ்வளவு உறுத்தாது.

ஊசியை மாற்றும் முன் காசு செலவில்லாமல் சரிபார்க்க வேண்டியவை உண்டு. இந்த வகைக்கு ஊசி தட்டை அழுத்த வேண்டிய எடை 2.0 கிராம். ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் எண் வளையத்தை நம்பாமல் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள். எடை குறைந்தால் தட்டு தேயாது என்று 1.5-க்கு இறக்குவது தலைகீழ் புத்தி. ஊசி வரியோடு ஒட்டாமல் துள்ளித் துள்ளிச் சுவரை இடிக்கும், சேதம் அதில்தான் கூடும். பிசிறு வலது ஸ்பீக்கரில் மட்டும் என்றால் ஆன்டி-ஸ்கேட் (கை உள்நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் விசை) போதவில்லை. கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். இடதில் மட்டும் என்றால் குறைக்க வேண்டும். இரண்டிலும் சமமாக, அதுவும் கடைசிப் பாட்டில் மட்டும் என்றால் கார்ட்ரிட்ஜ் நின்ற கோணம் தவறாக இருக்கலாம். கோணம் வைக்க இரண்டு அளவுமுறைகளைப் பார்ப்போம்: பேர்வால்ட் அளவில் கோணம் சுத்தமாக நேர்படும் உள்புள்ளி மையத்திலிருந்து 66 மி.மீ. தள்ளியும், ஸ்டீவன்சன் அளவில் 60.3 மி.மீ. தள்ளியும் வருகிறது. நடுப்பகுதியில் ஸ்டீவன்சனில் பிசிறு ஒரு மயிரிழை கூடும். இருந்தாலும் இந்தத் தட்டுக்கு அதுவே மேல்.

சுழற்சியைச் சோதிக்க இரண்டாம் பக்கத் தொடக்கமே போதும். 'யுவர் டைம் ஈஸ் கானா கம்' பாட்டில் ஜான் பால் ஜோன்ஸின் ஆர்கன் நீண்ட சுரங்களாக நிற்கும். அது 1.8 நொடிக்கு ஒருமுறை அலைபோல் ஏறி இறங்கினால் தட்டின் துளை மையத்தில் இல்லை என்று பொருள். டோன்ஆர்மைப் பக்கவாட்டில் கவனியுங்கள், அதே தாளத்தில் அசையும். புதுத் தட்டு என்றால் மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கழுவினாலும் போகாத சில 'குறைகள்' உண்டு. அவை மூல ஒலிப்பதிவு நாடாவிலேயே இருக்கின்றன. 'பேப் ஐயாம் கானா லீவ் யூ' பாட்டில் முதல் இரண்டு நிமிடத்துக்குள், பிளான்ட் பாடுவதற்குச் சற்று முன்பே அவருடைய குரல் எங்கோ தூரத்தில் மங்கலாகக் கேட்கும். வேறொரு டிராக்கில் கசிந்த குரல் அது, சிடியிலும் கேட்கும். 'யூ ஷுக் மீ' முடிவில் எதிரொலி குரலுக்கு முன்னால் ஓடிவருவது, குழுவின் கிட்டார்காரரும் ஆல்பத்தின் தயாரிப்பாளருமான ஜிம்மி பேஜ் வேண்டுமென்றே நாடாவைத் திருப்பிப் போட்டுச் செய்த வேலை. தட்டின் உண்மையான குறையான முன்னெதிரொலி வேறு ரகம். பக்கத்து வரியின் முழக்கம் சுவர் வழியாக இந்த வரியில் பதிந்துவிடுவதால், சரியாக ஒரு சுற்றுக்கு, அதாவது 1.8 நொடிக்கு முன் கேட்கும். பாட்டு தொடங்குவதற்கு முந்தைய அமைதியில் கவனித்தால் பிடிபடும்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. 1968 செப்டம்பர், அக்டோபரில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் பதிவு செய்தது. மொத்த ஸ்டூடியோ நேரம் 36 மணி என்று பேஜ் சொல்லியிருக்கிறார். ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ். மைக்கை வாத்தியத்தின் வாயருகே மட்டும் வைக்காமல் தள்ளியும் வைத்து அறையின் காற்றையும் சேர்த்துப் பிடித்த பதிவு. அதனால் பான்ஹமின் டிரம்ஸ் நெஞ்சில் இடிக்காது; அறையின் ஆழத்திலிருந்து எழும். பாஸ் போதவில்லை என்று ஆம்ப்ளிஃபயர் திருகைத் திருப்பினால் அந்த ஆழம் குழம்பிப்போகும். 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்' பாட்டில் ஒற்றைப் பெடலில் மூன்று மூன்றாக விழும் அடிகள் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் பாஸ் போதும். 'பிளாக் மவுன்டன் சைட்' பாட்டில் விராம் ஜசானி வாசிக்கும் தபலாவும் நல்ல அளவுகோல்: விரல் பட்ட ஓசையும் அதன் பின்னால் வரும் கார்வையும் பிரிந்து கேட்க வேண்டும்.

பதிப்பு விஷயத்துக்கு வருவோம். பிரிட்டனின் முதல் அச்சில் (அட்லான்டிக் 588171) அட்டையில் குழுவின் பெயர் நீலப்பச்சை நிறத்தில் இருக்கும். சீக்கிரமே ஆரஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த நிறத்துக்குக் கொடுக்கும் பெரும்பணம் சேகரிப்புக்கான விலை, காதுக்கானதல்ல. அமெரிக்க முதல் அச்சின் எண் எஸ்டி 8216. பழைய தட்டு எதுவானாலும் விளக்கைச் சாய்த்துப் பிடித்து லேபிளை ஒட்டிய கடைசி ஒரு அங்குலத்தைப் பாருங்கள். அங்கே மட்டும் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தால், கனமான பழைய கார்ட்ரிட்ஜ் உழுதுவிட்டது. எந்தக் கழுவலுக்கும் அது திரும்பாது. கேட்பதற்கு மட்டும் என்றால் 2014 ஜூனில் பேஜ் மேற்பார்வையில் வந்த 180 கிராம் பதிப்பு போதும். மூன்று தட்டு கொண்ட டீலக்ஸில் 1969 அக்டோபர் 10 பாரிஸ் ஒலிம்பியா கச்சேரியும் கிடைக்கிறது. ஒலி கரடுமுரடுதான், ஆனால் உற்சாகத்துக்குக் குறைவில்லை.

லேபிளில் உள்ள பெயர்களைப் படித்தால் பதிப்பின் காலமும் ஓரளவு பிடிபடும். 'பேப்' பாட்டு முதல் அச்சுகளில் மரபுப் பாட்டு என்று போட்டிருக்கும். அதை எழுதிய ஆன் பிரெடனின் பெயர் பின்னால்தான் ஏறியது. ஜேக் ஹோம்ஸின் 1967 பாட்டிலிருந்து வந்த 'டேஸ்ட்' பல பத்தாண்டுகள் பேஜ் பெயரில் மட்டுமே நின்றது. வில்லி டிக்சன் எழுதி, 1956-ல் ஓடிஸ் ரஷ் பாடிய 'ஐ கான்ட் க்விட் யூ பேபி'க்கும், 'யூ ஷுக் மீ'க்கும் தொடக்கத்திலிருந்தே டிக்சன் பெயர் உண்டு. ப்ளூஸிலிருந்து எடுத்ததை எடுத்ததாகச் சொல்வதில் இந்தக் குழுவுக்கு இருந்த கஞ்சத்தனம் கொஞ்சநஞ்சமல்ல.

பராமரிப்பில் சறுக்குவது பெரும்பாலும் உறையில். காகித உள்ளுறையில் தட்டை இழுக்கும் ஒவ்வொரு முறையும் மயிர்க்கீறல் விழும், நிலைமின்னும் ஏறும். உட்பக்கம் பாலித்தீன் ஒட்டிய உறைக்கு மாற்றுங்கள். வெளியே பிவிசி உறை வேண்டாம். வெயில் காலத்தில் அதிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை தட்டில் மூடுபனிபோல் படிந்துவிடும். கழுவ 800 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், 200 மி.லி. ஐசோபுரப்பைல் ஆல்கஹால், மணமில்லாத சோப்புக் கரைசல் இரண்டு சொட்டு. லேபிளில் படாமல், வரியின் போக்கிலேயே துடைத்து, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை அலசுங்கள். அலசாமல் விட்டால் காய்ந்த சோப்பு ஊசி முனையில் பஞ்சாகத் திரண்டு நிற்கும். இதே கலவையைப் பழைய 78 சுழற்சி அரக்குத் தட்டில் ஊற்றிவிடாதீர்கள்; ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும்.

பழைய அட்டையில் 'ஹவ் மெனி மோர் டைம்ஸ்' 3:30 என்று அச்சாகியிருக்கும். நீளமான பாட்டென்றால் வானொலிக்காரர்கள் போடமாட்டார்கள் என்று வேண்டுமென்றே போட்ட பொய்க் கணக்கு அது. ஓடுவது எட்டரை நிமிடம். கையைத் தூக்க அவசரப்பட்டு எழுந்துவிட வேண்டாம்.