மஸ்கட்டீன் சிப்பிப் பொத்தான்கள்: ஒரு பொட்டலமும் ஒரு துளை ஓடும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மேற்கு நோக்கி ஓடிவரும் மிசிசிப்பி ஆறு தெற்கே திரும்பும் வளைவில் மஸ்கட்டீன் என்னும் சிற்றூர் இருக்கிறது. சென்ற கோடையில் அவ்வூரின் பழம்பொருள் கடை ஒன்றில் இரண்டு பொருள்களை வாங்கினேன். ஒன்று, நூறு பழைய ஆற்றுச் சிப்பிப் பொத்தான்கள் கொண்ட பொட்டலம். விலை 18 டாலர். மற்றொன்று, பொத்தானுக்காக வட்டம் வட்டமாக அறுத்தெடுத்த பின் எஞ்சிய சிப்பி ஓடு. விலை 4 டாலர். கடைக்காரர் பொட்டலத்தைத்தான் எடுத்துக் காட்டி விற்றார். ஓடு, கல்லாவுக்கு அருகே ஒரு கூடையில் கேட்பாரற்றுக் கிடந்தது.

முதலில் பொட்டலம். நல்ல சிப்பிப் பொத்தானை உதட்டில் வைத்தால் சில்லென்று இருக்கும். பிளாஸ்டிக் அப்படி இருக்காது. கண்ணாடித் தட்டில் போட்டால் கல் விழுந்தாற்போலக் கணீரென்று ஒலிக்கும். முன்பக்கம் வெள்ளியும் இளஞ்சிவப்புமாக மின்னினாலும், பின்பக்கத்தில் பெரும்பாலும் சற்று மஞ்சளோ, சிப்பியின் வெளித்தோலின் பழுப்புக் கீற்றோ ஒட்டியிருக்கும். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகச் சோதித்ததில் நூற்றில் பதினொன்று பிளாஸ்டிக். கடைக்கு எழுதினேன், பழைய சரக்கில் கலந்து வருவது இயல்புதான் என்று பதில் வந்தது. இயல்பாக இருக்கலாம், ஆனால் பொட்டலத்தின் மேல் "அசல் சிப்பி" என்று எழுதியிருந்ததே. எஞ்சிய எண்பத்தொன்பதைப் பற்றி எனக்குக் குறையில்லை. அவற்றுள் நான்கு துளையுள்ள சிறிய சட்டைப் பொத்தான்கள் மிக நேர்த்தியானவை.

பொட்டலத்துக்குள் ஊரின் வரலாறு என்று ஒரு பக்கத் தாளும் இருந்தது. என் மனக்குறை பதினொரு பிளாஸ்டிக் பொத்தான்களைவிட இந்தத் தாளின் மேல்தான் அதிகம். 1891இல் ஜான் பெப்பிள் என்ற ஜெர்மானியர் இங்கே முதல் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1905இல் ஊர் 150 கோடிப் பொத்தான்களைச் செய்து "உலகின் முத்துப் பொத்தான் தலைநகரம்" ஆயிற்று (முத்துப்போல் மின்னும் சிப்பிப் பொத்தானுக்கே அந்தப் பெயர்). பின்னர் பிளாஸ்டிக் வந்து எல்லாவற்றையும் முடித்தது. தாளில் இருப்பது இவ்வளவே. பொய் எதுவும் இல்லை. ஆனால் ஜெர்மனியில் கடைசல் தொழில் கற்ற ஒருவர் கடல் கடந்து வந்து ஓர் ஆற்றங்கரை ஊரில் பட்டறை போட்டது எதனால் கட்டுப்படியாயிற்று என்பதுகூட அதில் இல்லை. 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதியாகும் பொத்தான்களின் மீது கடும் வரி விதித்தது. ஆற்றின் அடியிலோ தடித்த ஓடுள்ள சிப்பிகள் கேட்பாரின்றிக் கிடந்தன. இந்த இரண்டும் சேர்ந்துதான், வடக்கிலிருந்து மிதந்து வந்த மரங்களை அறுக்கும் ஆலைகளை நம்பியிருந்த ஓர் ஊரைப் பொத்தான் ஊராக்கின.

தாள் சொல்லாததைத் துளை ஓடு சொல்கிறது. என்னிடமுள்ள ஓடு உள்ளங்கையளவு. விளிம்பில் விரல் பருமனுக்குத் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கிறது. அதில் ஆறு முழு வட்டங்களும், விளிம்போரம் பிறை போன்ற ஓர் அரை வட்டமும் அறுபட்டிருக்கின்றன. இந்தச் சிப்பியைப் பிடித்த விதமே விந்தையானது. கம்பியாலான மழுங்கிய கொக்கிகளை வரிசையாகத் தொங்கவிட்ட ஒரு நீண்ட சட்டத்தைப் படகோட்டி ஆற்றின் அடியில் இழுத்துச் செல்வார். வாய் திறந்து கிடக்கும் சிப்பி, கொக்கி பட்டவுடன் பயந்து இறுக மூடிக்கொள்ளும். தன்னைக் காத்துக்கொள்ள மூடிய வாயாலேயே அது பிடிபட்டுவிடும். கரையில் அதை வேகவைத்துச் சதையை நீக்கி, ஓட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சுழலும் குழல் வாளின் முன் பிடித்து வில்லைகளை அறுத்தெடுத்தார்கள். ஈரமும் சிப்பித் தூளும் கலந்த இடத்தில் நாள் முழுதும் நின்று செய்த வேலை அது. வில்லைகளைத் தேய்த்து, துளையிட்டு, மெருகேற்றிய பின் அட்டையில் தைக்கும் வேலை வீடுகளுக்குப் போனது; பெண்களும் குழந்தைகளும் அதைச் செய்தார்கள்.

அந்தப் பிறை வடிவ வெட்டின் பொருள் கூலிக் கணக்கு தெரிந்தால்தான் விளங்கும். ஒரு குரோஸ் என்றால் 12 டஜன், அதாவது 144. அறுப்பவர்களிடமோ 14 டஜன், 168 வில்லைகளை வாங்கிக்கொண்டு ஒரு குரோஸுக்கான கூலியைக் கொடுத்தார்கள். எண்ணும் பொறுப்பு முதலாளியின் ஆளிடம் இருந்தது. பழுதான வில்லை கணக்கில் சேராது. எனவே ஓட்டின் ஓரம்வரை வாளை நகர்த்தி இன்னொரு வில்லை தேறுமா என்று பார்த்த ஒருவரின் முயற்சி தவறியதற்கான அடையாளமாகவே அந்தப் பிறையை நான் பார்க்கிறேன். இந்தக் கணக்கின் மேலிருந்த கசப்பும் தொழிற்சங்கம் அமைத்ததும் 1911 பிப்ரவரியில் பெரும் கதவடைப்பில் முடிந்தன. ஏறத்தாழ 2,500 பேர் வேலையிழந்தார்கள். ஆளுநர் மாநிலப் படையை அனுப்பினார். பேர்ல் மெக்கில் என்ற பதின்ம வயதுத் தொழிலாளி பிற நகரங்களுக்குப் பயணம் செய்து இவர்களுக்காக ஆதரவு திரட்டினார். பொத்தான் தலைநகரம் என்ற பட்டத்துக்கு இடமிருந்த தாளில் இவருக்கு ஒரு வரி இல்லை.

சிப்பிகளின் கதையும் அப்படியே விடுபட்டிருக்கிறது. சில ஆண்டுகளிலேயே ஊரை ஒட்டிய படுகைகளில் சிப்பி அருகி, படகுகள் வேறு ஆறுகளைத் தேடிப் போயின. சிப்பியின் குஞ்சு மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு சில காலம் வாழ்ந்தால்தான் வளரும் என்பதால், மீன்களைக் கொண்டே சிப்பியைப் பெருக்க, ஊருக்கு அருகிலுள்ள ஃபேர்போர்ட்டில் 1908இல் நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு அரசு ஆய்வு நிலையம் ஒன்று உருவாயிற்று. தொழிலைத் தொடங்கிவைத்த பெப்பிளே கடைசியில் சிப்பிப் பாதுகாப்புப் பணியில் இருந்தார். ஆற்றில் சிப்பி ஓடு ஒன்று காலைக் கிழித்த புண் சீழ்பிடித்து 1912இல் இறந்தார். புனைகதையாசிரியர் எழுதியிருந்தால் மிகை என்றுதான் சொல்லியிருப்பேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: பொட்டலம் வேண்டுமானால் அங்கேயே பிரிக்கச் சொல்லி உதட்டில் வைத்துப் பார்த்து வாங்குங்கள், தாளுக்காக வாங்காதீர்கள். வரலாறு வேண்டுவோர் ஊரின் இரண்டாவது தெருவிலுள்ள முத்துப் பொத்தான் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். எனக்கு இரண்டாம் முறை வாய்த்தால் அந்தக் கூடையின் முன் உட்கார்ந்து துளை ஓடுகளை மட்டுமே பொறுக்குவேன். பொத்தான்களில் நான்கைப் பருத்திச் சட்டையில் தைத்திருக்கிறேன். சூடான நீரும் சலவைத்தூளும் பட்டால் மெருகு போய்விடுகிறது என்பதால், அதைச் சலவை இயந்திரத்தில் போடாமல் கையால் துவைத்துக்கொண்டிருக்கிறேன்.