குரோசஸின் சிதை: பாக்கிலிடிஸ் பாட்டும் ஹெரோடோட்டஸ் வரலாறும்

தலைநகர் சார்டிஸ் பாரசீகரிடம் வீழ்ந்தபின் லிடிய மன்னன் குரோசஸ் சிதையேறியதைக் கிரேக்கக் கவிஞர் பாக்கிலிடிஸும் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸும் இருவிதமாகச் சொல்கிறார்கள். கி.மு. 468இல் சிராக்யூஸ் ஆட்சியாளன் ஹியரோனின் ஒலிம்பிக் தேர் வெற்றிக்குப் பாடிய பாக்கிலிடிஸிடம், அடிமை வாழ்வு வேண்டாமென்று அவனே மனைவி மகள்களோடு ஏறுகிறான். ஜீயஸ் மழை பெய்விக்க, அப்பல்லோ காக்கிறான். தெய்வத்துக்குத் தந்த கொடைக்குப் பலனுண்டு என்று புரவலனுக்குச் சொல்லும் பாட்டு அது.

ஹெரோடோட்டஸிடம் அவனைச் சிதையில் ஏற்றுபவன் வென்ற பாரசீக மன்னன் சைரஸ். உடன் 14 சிறுவர்கள். சாகும்வரை எவனையும் பேறுடையவன் என்னாதே என்று முன்பு தன்னைச் சந்தித்துச் சொன்ன ஏதென்ஸ் அறிஞன் சோலோனின் பெயரைக் குரோசஸ் மூன்றுமுறை சொல்ல, சைரஸ் மனம் மாறுகிறான். ஆனால் தீ அடங்கவில்லை. அப்பல்லோவை வேண்டியபின்தான் மழை. சோலோன் சந்திப்பு காலக்கணக்கில் இடிக்கிறது. ஆனாலும் செல்வத்தின் அளவை அறிய இவரைத்தான் படிக்க வேண்டும்: அப்பல்லோவின் டெல்ஃபி கோயிலுக்குத் தந்த பொற்சிங்கம் 10 தாலந்து (பண்டைய எடை அளவு), கோயில் எரிந்தபோது உருகி ஆறரை ஆனது.

இருவருக்கும் முந்தைய கிரேக்க ஓவியன் மைசனின் ஜாடி ஓவியத்தில் குரோசஸ், தானே விரும்பி ஏறியவன்போல, சிதைமேல் அரியணையில் அமர்ந்தபடி தெய்வத்துக்கு நீர்ப்பலி வார்க்கிறான். அது பாக்கிலிடிஸ் பக்கமே சாய்கிறது.