பெட்டியின் மேல் 200 வாட்ஸ், அடியில் 100

சென்ற மாதம் சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகும்போது பின்னிருக்கையில் அமர்ந்து அலுவலக வேலையை முடித்துவிடலாம் என்று எண்ணி, கார் உதிரிப்பொருள் கடை ஒன்றில் காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் வீட்டு மின்சாரம் போல 230 வோல்ட் தரும் ஒரு சிறிய இன்வெர்ட்டரை 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். என் லேப்டாப் சார்ஜர் 130 வாட்ஸ் என்பதைக் காட்டியே கேட்டேன். "200 வாட்ஸ் சார், தாராளமாகப் போடலாம்" என்றார் கடைக்காரர்.

திண்டிவனத்தைத் தாண்டுவதற்குள் சார்ஜரிலிருந்து வண்டு ரீங்கரிப்பது போன்ற சத்தம் எழுந்தது, தொட்டால் சுட்டது. சற்று நேரத்தில் இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு அணைந்தது. இன்வெர்ட்டரை எடுத்துவிட்டு அதே கார் சாக்கெட்டில் தம்பி போனைச் செருகியபோது அதுவும் சார்ஜ் ஏறவில்லை. காரின் ஃபியூஸ் போயிருந்தது.

அப்போதுதான் இன்வெர்ட்டரைத் திருப்பிப் பார்த்தேன். 200 என்பது கண நேரம் மட்டுமே தாங்கும் உச்ச அளவு என்றும், தொடர்ந்து தருவது 100 வாட்ஸ்தான் என்றும் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. போதாக்குறைக்கு, சாக்கெட் மூடியிலேயே 12 வோல்ட், 120 வாட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது 10 ஆம்பியர். 130 வாட்ஸ் வேண்டுமென்றால், இன்வெர்ட்டரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து சுமார் 150 வாட்ஸ், ஏறக்குறைய 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மூடியைப் படிக்காதது என் தவறு, அதை மறுக்கவில்லை.

வழியில் இருந்த மெக்கானிக், 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுவிட்டால் தொல்லை இராது என்றார். தயவுசெய்து யாரும் இதற்கு இணங்காதீர்கள். ஃபியூஸ் உருகாவிட்டால் உள்ளே ஓடும் ஒயர் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். 10 ஆம்பியரே போடச் சொன்னேன்.

திரும்பி வந்து கேட்டபோது, வண்டியில்தான் கோளாறு என்று கூறிக் கடைக்காரர் பொருளைத் திரும்பப் பெற மறுத்தார். அவர் எனக்குக் கொடுத்திருந்தது ஜி.எஸ்.டி. எண்ணோ கடைப் பெயரோ இல்லாத 'எஸ்டிமேட்' துண்டுச் சீட்டு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்ய நினைத்தால், வாங்கியதற்குச் சான்றாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

என் லேப்டாப் டைப்-சி வழியாகவும் சார்ஜ் ஏறும் என்பதால், இப்போது சாக்கெட்டில் நேரடியாகச் செருகும் 65 வாட்ஸ் கார் சார்ஜரைப் பயன்படுத்துகிறேன். 12 வோல்ட்டை 230 ஆக்கி மீண்டும் 20 ஆக இறக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. 65 வாட்ஸில் மெதுவாகத்தான் ஏறுகிறது; ஆனால் சார்ஜர் ரீங்கரிப்பதில்லை.