கிளார்க்காகவே இருப்பதா, ஆபீசர் ஆவதா?

பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. போன வருடம் பிரமோஷன் தேர்வுக்கான படிவத்தைக் கடைசி நாள் வரை திறந்து திறந்து மூடினேன். கடைசியில் அனுப்பவில்லை. ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை. என் மனம் கிளார்க் பக்கம்தான் சாய்கிறது.

சம்பளத்தில் ஆபீசர்தான் மேல், அதில் பேச்சே இல்லை. 2024 மார்ச்சில் கையெழுத்தான வங்கி ஊழியர் சம்பள ஒப்பந்தப்படி கிளார்க்கின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 24,050 ரூபாய், ஆபீசரில் முதல் படியான ஸ்கேல் ஒன்னுக்கு 48,480. ஆனால் என்னைப் போலப் பத்து வருடம் இன்கிரிமென்ட் வாங்கியவருக்கு வித்தியாசம் அத்தனை பெரிதாக இருக்காது. வேலை நேரமும் தெரிந்த கதைதான். கிளார்க்குக்கு ஆறரை மணி நேரம், சாப்பாட்டு இடைவேளை தனி. ஆபீசர் வீட்டுக்குப் போகும் நேரத்தை அன்றைய வேலைதான் முடிவு செய்யும்.

என்னை நிறுத்தியது டிரான்ஸ்பர். கிளார்க்குகளை மாநில வாரியாக எடுக்கிறார்கள், உள்ளூர் மொழி தெரிந்திருக்க வேண்டும். ஆபீசரை நாட்டில் எங்கே வேண்டுமானாலும் போடலாம். என்னோடு ஒரே நாளில் சேர்ந்த தோழி பிரமோஷன் வாங்கி ஒடிசாவில் ஒரு கிராமக் கிளைக்குப் போனாள். வீடு, சாப்பாடு எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது என்றாள். “எதிரில் வந்து உட்காருபவர் என்ன கஷ்டத்தில் வந்திருக்கிறார் என்றே புரிய மாட்டேங்குது” என்று அவள் போனில் சொன்னதுதான் எனக்குள் தங்கிவிட்டது.

ஏனென்றால் என் வேலையில் எனக்குக் கிடைக்கும் சந்தோஷமே அந்தப் புரிதல்தான். நான் இருப்பது தேனி மாவட்டம் கம்பம் ஊரில். திராட்சைத் தோட்டக்காரர் கொடியை வெட்டிவிடும் கவாத்துக்கு முன்னால் நகையை வைக்க வருவார், அறுவடைப் பணம் கையில் வந்ததும் மீட்க வருவார். தேதி தாண்டியும் ஆள் வரவில்லை என்றால் மழையில் பழம் வெடித்திருக்கும் என்று நானே ஊகித்துக்கொள்வேன். நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்றுக்கு வருவார்கள். காட்டு வேலை செய்து ரேகை தேய்ந்த விரலை மெஷின் ஏற்காது. கையைக் கழுவித் துடைத்து, வேறு விரலை வைத்து, நாலாவது தடவை பச்சை விளக்கு எரியும்போது அந்தப் பாட்டி “நல்லா இரு தாயி” என்பார். இது தமிழில் நடப்பதால்தான் என் வேலையாக இருக்கிறது. புரியாத மொழியில் இதே வேலை எனக்கு வெறும் கணக்காகிவிடும்.

கிளார்க்காக இருந்தால் சொந்த ஊரிலேயே இருக்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். என் முதல் மூன்று வருடம் ராமநாதபுரம் பக்கம் போயிற்று.

ஆபீசர் நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை, பக்கத்திலிருந்து பார்த்ததுதான். டார்கெட் அழுத்தம் அங்கே அதிகம் என்று என் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு பிள்ளையின் கல்விக் கடனைத் தானே அனுமதித்துக் கையெழுத்துப் போடும் நிறைவு கிளார்க்குக்கு வராது. நான் காகிதங்களைச் சரிபார்த்து உள்ளே அனுப்புவதோடு சரி. இப்போதே எங்கள் மேனேஜர் என்னைவிட ஆறு வயது இளையவர். அது இன்று உறுத்தவில்லை. ஐம்பது வயதில் உறுத்துமா என்பதை அப்போதுதான் பார்க்க வேண்டும்.

பக்கத்து கவுன்டர் தம்பிக்கு இந்தி நன்றாக வரும், கல்யாணம் ஆகவில்லை, மதிய இடைவேளையில்கூடக் கடன் ஃபைல்களைப் புரட்டிக்கொண்டிருப்பான். “அக்கா, நானும் உங்களை மாதிரி இங்கேயே இருந்துடட்டுமா?” என்று கேட்டான். வேண்டாம், எழுது என்றேன். அவனுடைய படிவத்தை இருவருமாக உட்கார்ந்துதான் நிரப்பினோம்.