பழகுவதற்கும் ஒரு வகுப்பு: பம்பலப்பிட்டியில் எங்கள் 12 சனிக்கிழமைகள்

“பழகக் கற்றுக்கொடுக்கவும் ரியூசனா?” என்று மாமி கேட்டார். எனக்கும் தயக்கம்தான். மகனுக்கு 9 வயது, ஓட்டிசம் உள்ளவன். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் பின்னேரம் பெடியன்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். இவன் ஓடிப்போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு நிற்பான். தானும் சேர வேண்டும் என்று சொல்ல அவனுக்குத் தெரிந்த வழி அது. அவர்கள் கத்துவார்கள், இவன் அழுதுகொண்டு வருவான்.

வகுப்பு காலி வீதியை ஒட்டிய ஒரு மாடியில். 6 பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம், ஒரு நாளுக்கு 3,500 ரூபாய். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பதின்ம வயதினருக்காக உருவான, நட்பாகப் பழகக் கற்றுக்கொடுக்கும் பியர்ஸ் (PEERS) பயிற்சியைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார்கள். அதில் போலவே பெற்றோருக்கும் பக்கத்து அறையில் தனி வகுப்பு. பிள்ளையை விட்டுவிட்டுக் கடைக்குப் போக முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அந்த வாரம் வீட்டில் என்ன பழக்க வேண்டும் என்பது கையோடு தெரிந்துவிடும்.

விளையாட்டில் சேர்வதற்கே 3 வாரம் எடுத்தார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார். ஆட்டம் ஓயும்வரை பொறு. யாராவது நன்றாக அடித்தால் சொல்லு. அப்புறம் கேள். வேண்டாம் என்றால் சண்டை பிடிக்காமல் வந்துவிடு.

ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில். “மே ஐ ஜாயின் யூ” என்று எங்கள் ஒழுங்கையில் எந்தப் பிள்ளையும் கேட்காது. “நானும் வரட்டா?” என்பார்கள், சிங்களப் பெடியன்கள் நின்றால் “மமத் என்னத?” மிஸ்ஸிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமையே தமிழிலும் சிங்களத்திலும் நடித்துப் பார்க்க வைத்தார்.

பெற்றோர் அறையில் ஒரு அப்பா, “கண்ணைப் பார்த்துக் கதைத்தால் எனக்குப் போதும்” என்றார். அவருடைய ஏக்கம் புரிகிறது, ஆனால் என்னால் அதை ஏற்க முடியவில்லை. என் மகன் நிலத்தைப் பார்க்கும்போதுதான் நன்றாகக் கேட்கிறான். கண்ணைப் பார் என்றால் அதிலேயே களைத்துப்போவான். சொன்னதும் மிஸ் அவனை அதில் வற்புறுத்துவதை விட்டுவிட்டார்.

எட்டாவது வாரம் ஒரு பின்னேரம் கேற்றடியில் நெடுநேரம் நின்றான். ஒரு பெடியன் நான்கு அடித்ததும், “நல்ல அடி” என்றான். பிறகு, “நான் பந்து பொறுக்கட்டா?” நான் மேலே பல்கனியில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். மதிலோரமாக நிற்கச் சொல்லிக் கை காட்டினார்கள். இருட்டும்வரை அங்கேயே நின்றான்.

பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள், அவன் எந்த மொழியில் விளையாடுகிறான் என்று முதல் நாளே மிஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள்.