மில்ஸ் பிரதர்ஸ் கையெழுத்து வாங்குகிறவர்கள் முதலில் பேனாவைப் பாருங்கள்

ஒரு போலிக் கையெழுத்துத் தாளுக்குக் கொடுத்த 340 டாலர் போய்விட்டது, இனி வராது. ஆனால் விற்றவர் இன்னும் கடை விரித்துக்கொண்டுதான் இருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். அவர் பெயரைப் போடப்போவதில்லை, எப்படி ஏமாற்றினார் என்று சொன்னாலே போதும், சரக்கைப் பார்த்ததும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

நான் ஓஹையோவில் கொலம்பஸில் இருக்கிறேன். மில்ஸ் பிரதர்ஸின் சொந்த ஊரான பிக்வா இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். ஜான், ஹெர்பர்ட், ஹாரி, டொனால்ட் என்று அண்ணன் தம்பிகள் நாலு பேர், 1930களில் அமெரிக்க வானொலியைக் கலக்கிய பாடகர்கள். ட்ரம்பெட், டூபா எல்லாமே வாயாலேயே வரும், கூட ஒரே ஒரு கிடார். கேட்டவர்கள் நம்பவில்லை என்பதால், அந்த ஒரு கிடாரைத் தவிர வேறு வாத்தியம் எதுவும் இல்லை என்று இசைத்தட்டு லேபிளிலேயே அச்சடித்து விற்றார்கள். கிடார் வாசித்துக்கொண்டே கீழ்ச்சுருதியில் பாடியவர்தான் மூத்தவர் ஜான். 1936 ஜனவரியில், 25 வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பிகள் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் மேடையேறினார்கள், அவர்கள் கையெழுத்து கொஞ்சம் தேடினால் கிடைத்துவிடும். அண்ணன் கையெழுத்து அப்படியில்லை, நான் பதினோரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு பழம்பொருள் சந்தையில் அந்த ஆட்டோகிராஃப் தாள் கண்ணில் பட்டது. இளம் பச்சைத் தாள், ஓரமெல்லாம் பழுப்பேறி, நாலு கையெழுத்து, மேலே மூலையில் 1934 என்று தேதி. விற்றவர் ரொம்பத் தன்மையான மனிதர். டேட்டனில் ஒரு பாட்டியின் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த புத்தகத்திலிருந்து எடுத்தது என்றார், பாட்டி பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்தபோது மேடைக்குப் பின்னால் போய் வாங்கியதாம். தங்க ஸ்டிக்கர் ஒட்டிய சான்றிதழ் வேறு. அந்தச் சான்றிதழைக் கொடுத்த நிறுவனத்தின் முகவரியும் அவருடைய விசிட்டிங் கார்டு முகவரியும் ஒன்றே என்பதை நான் கவனித்தது ஏழு மாதம் கழித்து. ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல.

ஏழு மாதம் கழித்துக் காரில் கியர்பாக்ஸ் போய்விட்டது, பணம் வேண்டியிருந்தது, மனமில்லாமல்தான் இதை விற்கக் கிளம்பினேன். எனக்குத் தெரிந்த ஒரு பழைய சேகரிப்பாளரிடம் கொண்டுபோனேன். எழுபது தாண்டியவர், முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் கட்டைவிரலால் தடவிவிட்டு, "பால்பாயிண்ட்" என்றார், அவ்வளவுதான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பால்பாயிண்ட் பேனா அமெரிக்காவில் கடைக்கு வந்ததே 1945 அக்டோபரில், நியூயார்க்கில் ஒரு பெரிய கடையில், ஒரு பேனா பன்னிரண்டரை டாலர், வாங்கக் கூட்டம் அலைமோதியது. ஜான் இறந்து அப்போது ஒன்பது வருஷத்துக்கு மேல். செத்தவர் வரிசையில் நின்று பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் உண்டு. மைப் பேனா என்றால் மை தாளில் கொஞ்சம் ஊறிப் பரவியிருக்கும், தாள் பள்ளமாகாது. பால்பாயிண்ட் அழுத்தித் தடம் பதித்துக்கொண்டே போகும், வளைவு முடிகிற இடங்களில் சின்னச் சின்ன மைத்திட்டு விடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் என் தாளில் அது எல்லாமே இருந்தது.

விற்றவருக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கோபத்தில் பேனா சரித்திரம் முழுவதையும் அதில் கொட்டிவிட்டேன். அவர் பதில் இருக்கிறதே, அதற்கே தனியாகக் காசு வாங்கலாம். "அப்படியானால் அது அப்பா கையெழுத்தாக இருக்கும், அதுவும் அசல்தானே" என்றார். இங்கேதான் புதிதாக வாங்குகிறவர்கள் சறுக்குவார்கள். அப்பா பெயரும் ஜான் மில்ஸ்தான். பிக்வாவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர், மகன் இறந்ததும் அந்த இடத்தில் நின்று ஏறக்குறைய இருபது வருஷம் பாடினார். அப்பா போட்ட கையெழுத்தை மகனுடையது என்று விற்கிறவர்கள் நிறையப் பேர், சிலர் தெரியாமல் விற்கிறார்கள், பலர் தெரிந்தே விற்கிறார்கள். ஆனால் என் தாளில் 1934 என்ற தேதியும் அதே நீல மை. அதை விடுங்கள், நாலு "மில்ஸ்" இருக்கிறது, நாலிலும் அந்த ஆங்கில எம் எழுத்தின் முதல் கால் கொக்கி போல உள்பக்கம் சுருண்டிருக்கிறது, நாலும் ஒரே சாய்வு, இடைவெளிகூட அளந்து வைத்தது போல. நாலு பேர் பேனாவைக் கைமாற்றி அவசரத்தில் போட்டால் ஒன்று பெரிதாகும், ஒன்று ஓரத்தில் நெருக்கியடித்துக்கொள்ளும், ஒன்று கோணலாகப் போகும். இது ஒரே ஆள் மேசையில் உட்கார்ந்து நிதானமாக எழுதியது. ஒரு புற ஊதா டார்ச் வாங்கி இருட்டில் அடித்தும் பார்த்தேன், தாள் நீலமாக ஒளிர்ந்தது. அப்படி ஒளிரவைக்கிற வெண்மையூட்டி ரசாயனம் தாளில் பரவலாக வந்ததே 1950 வாக்கில்தான்.

இங்க் ஸ்பாட்ஸ் என்ற அந்தக் காலத்து இன்னொரு பாடகர் குழுவின் கையெழுத்து வாங்குகிறவர்களும் உஷார். அந்தப் பெயரில் பிற்காலத்தில் டஜன் கணக்கில் குழுக்கள் சுற்றின, அவர்கள் போட்டதும் உண்மையான மைதான், ஆனால் அவர்கள் புகழ்பெற்ற அந்தக் குழுவின் பில் கென்னி, டீக் வாட்சன், சார்லி ஃபுக்வா, ஹாப்பி ஜோன்ஸ் இல்லை. ஹாப்பி 1944இல் இறந்தவர், 1950களின் நிகழ்ச்சி நிரலில் அவர் கையெழுத்து என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பணம் திரும்பவில்லை. பதினாலு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். கிரெடிட் கார்டு கம்பெனியும் காலக்கெடு தாண்டிவிட்டது என்று கைவிரித்துவிட்டது.

போன வாரம் அவர் இன்னொரு தாளை இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருக்கிறார். 1933, நாலு சகோதரர்கள், விலை 410 டாலர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மை லேசாக ஊறிப் பரவியிருக்கிறது, இந்தத் தடவை மைப் பேனா. அந்த மின்னஞ்சலை நான் எழுதியே இருக்கக் கூடாது. எம் மட்டும் மாறவில்லை, நாலிலும் அதே கொக்கி.